மறைக்க வேண்டாத கீறல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனை வளர்க்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. வாசற்படியைத் தாண்டாத பூனை. ஒரு நாள் காலை அதன் காதுக்குக் கீழே உளுந்தளவு காயம். சுற்றியுள்ள முடி ஈரம் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பால்கனி வலையின் அறுந்த கம்பி கீறியிருக்கலாம். அலமாரி மேல் தாவும்போது ஆணி பட்டிருக்கலாம். தானே பின்னங்காலால் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டிருக்கலாம். முந்தைய இரவு சமையலறை ஜன்னலோரம் ஒரு தெருக் கடுவன் வந்து உறுமியது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மருந்து தடவப் போன கையைப் பூனை பிராண்டிவிடுகிறது. அதுவரை பூனையைப் பற்றியதாக இருந்த கவலை, ரேபிஸ் என்ற பெயரோடு குடும்பம் முழுவதையும் பற்றிக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பூனைக்காரர் எதிர்வீட்டில் இதைச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த சங்கக் கூட்டத்தில் “அந்தப் பூனையை முதலில் வெளியேற்றுங்கள்” என்ற பேச்சு எழும் என்று அஞ்சுகிறார். எதிர்வீட்டுக் குழந்தை முந்தாநாள் அதே பூனையிடம் ஒரு கீறல் வாங்கியிருக்கலாம்; அம்மா திட்டுவாள் என்று அதுவும் சொல்வதில்லை. மொட்டை மாடியில் தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவருக்கு, அவற்றில் ஒன்று இரண்டு நாளாக வரவில்லை என்பது தெரியும். அவரும் வாய் திறப்பதில்லை. மூவரிடமும் ஆளுக்கொரு துண்டுத் தகவல் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவரும் தெளிவான முடிவுக்கு வந்துவிடுவார். சேராமல் கிடப்பதால்தான் ஒரு பக்கம் வீண் பீதியும் மறுபக்கம் வீண் துணிச்சலும் வளர்கின்றன.

பீதியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ரேபிஸின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் ஏறக்குறைய எவருமில்லை. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23இல் பல மாநிலங்களில் வீடு வீடாக நடத்திய ஆய்வு, நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடிகள் நடப்பதாகவும் 5,700க்கும் மேற்பட்டோர் ரேபிஸால் இறப்பதாகவும் கணக்கிட்டது. முன்பெல்லாம் இந்தியாவுக்கு 18,000 முதல் 20,000 என்று சொல்லப்பட்டு வந்ததோடு ஒப்பிட்டால் இது ஆறுதல்தான். ஆனால் அதே ஆய்வில், நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்பதும் தெரியவந்தது. தமிழ்நாட்டில் 2024இல் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சத்தை ஒட்டியவை. ரேபிஸ் இறப்புகள் 43. ஊசி எளிதில் கிடைக்கும் மாநிலத்திலேயே இத்தனை உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்போம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களால் வருகிறது. பூனைக்கு இந்நோய் வரும். வந்த பூனை கடித்தால் மனிதருக்கும் வரும். ஆனால் பூனைகள் தங்களுக்குள்ளேயே காலகாலமாகச் சுமந்து பரப்பும் நோயல்ல இது. நம் ஊர்களில் பெரும்பாலும் வெறிநாய் கடித்தே பூனைக்குத் தொற்றுகிறது. எலி, பெருச்சாளி, அணில் மூலம் பரவுவது மிக அரிது. பல்லிக்கும் பாம்புக்கும் ரேபிஸ் வரவே வராது. வைரஸும் வெளியில் தாக்குப்பிடிக்காதது: வெயிலும் உலர்ச்சியும் சோப்பும் அதைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்துவிடும். கம்பியிலோ தரையிலோ ஒட்டிக்கொண்டு காத்திருக்கும் கிருமி அல்ல. ஆகவே மூன்றாம் மாடியில் வலையடித்த வீட்டுக்குள் வாழும் பூனையின் சிறு காயத்துக்கு ரேபிஸ் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தரைத்தளத்து வீடு, எப்போதும் திறந்திருக்கும் கொல்லைக் கதவு, இரவில் வந்து போகும் தெருப் பூனைகள் என்றால் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும். ‘வீட்டுப் பூனை’ என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதிப் பூனைகள் மாலையில் ஒரு சுற்று வெளியே போய் வருபவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் படித்தவர்களும் தடுமாறும் குழப்பம் ஒன்று உண்டு. பூனைக்கு நோய் தொற்றியிருக்குமா என்பது ஒரு கேள்வி. பூனை பிராண்டிய மனிதருக்கு ஆபத்து உண்டா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பல இரவுகளின் தூக்கம் போகிறது.

வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது; அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கிய பிறகுதான் அந்த விலங்கின் வாய் ஆபத்தானதாகிறது. இதற்குப் பொதுவாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். எனவே நேற்று இரவு பட்ட காயத்திலிருந்து வந்த நோயை இன்று காலைப் பிராண்டலில் பூனை கடத்திவிட முடியாது. இன்றைய பிராண்டலைப் பற்றி நாம் கேட்க வேண்டியது, பூனைக்கு ஏற்கெனவே நோய் இருந்ததா என்பது மட்டுமே. அதற்கு விடை சொல்வதுதான் பத்து நாள் கண்காணிப்பு. உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படும் கட்டத்துக்கு வந்துவிட்ட நாயோ பூனையோ சில நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். பத்து நாள் கழிந்த பிறகும் அது வழக்கம்போலச் சாப்பிட்டு, சோம்பல் முறித்து, திட்டு வாங்கிக்கொண்டு திரிந்தால், பிராண்டிய நாளில் அதன் வாயில் வைரஸ் இருந்திருக்காது.

அதே பத்து நாளை வைத்துப் பூனையின் சொந்தக் காயத்துக்கு முடிவு சொல்லிவிட முடியாது. அதை ஏதோ ஒரு விலங்கு கடித்தது என்ற ஐயம் உண்மையானால் இன்னும் நீண்ட காலம் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர்களின் வழிகாட்டுதல்படி, தடுப்பூசி நடப்பில் உள்ள பூனைக்கு உடனே ஒரு ஊக்க ஊசி, பிறகு 45 நாள் கண்காணிப்பு. தடுப்பூசியே போடாத பூனை என்றால் கருணைக்கொலை. வளர்ப்பவர் அதற்கு இசையவில்லையென்றால் நான்கு மாதம் கடுமையான தனிமை. நம் ஊரில் ஐயத்துக்கிடமான கடியென்றால் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுகிறார்கள். 45 நாளுக்கும் நான்கு மாதத்துக்கும், நிம்மதிக்கும் கருணைக்கொலைக்கும் நடுவே நிற்பது, மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது தொடங்கி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டிய, சில நூறு ரூபாய் விலையுள்ள ஊசி. “வெளியே போகாத பூனைக்கு எதற்கு?” என்று கேட்டு அதைத் தள்ளிப்போட்ட வீடுகள்தான், காயம் வந்த காலையில் மிக அதிகமாகத் தவிக்கின்றன.

மனிதருக்கு வருவோம். கீறலோ கடியோ பட்டால் முதல் வேலை குழாயடிதான். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது சொல்லும்போது சிறியது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நிற்கும்போது அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடுகிறோம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் காயத்தில் வேண்டாம். அவை காயத்தை எரிச்சலூட்டுமே தவிர வைரஸைத் தடுக்காது. இரத்தம் வராத லேசான கீறல் என்றால் தடுப்பூசி. தோல் கிழிந்து இரத்தம் வந்த கடி, பிராண்டல் என்றாலோ, திறந்த புண்ணை விலங்கு நக்கிவிட்டாலோ, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தும் தேவை. காயமில்லாத தோலைப் பூனை நக்கியதற்கும், மடியில் வந்து படுத்ததற்கும் எதுவும் தேவையில்லை. 2025இல் கேரளத்தில், தடுப்பூசி தொடங்கிய பிறகும் குழந்தைகள் இறந்த செய்திகள் வந்தபோது ஊசியின் மீதே பலருக்கு நம்பிக்கை ஆடியது. தலையிலும் முகத்திலும் ஆழமாகப் பட்ட கடியில் வைரஸ் மூளையை எட்ட வேண்டிய தொலைவு குறைவு. அங்கே கழுவுவதும் இம்யூனோகுளோபுலினும் தாமதமாகிவிட்டால் ஊசி மட்டும் தனியாகப் போராட வேண்டியிருக்கும். ஊசியைக் கைவிடுவதற்கு அது காரணமாகாது. மூன்றையும் ஒருசேரச் செய்வதற்கே காரணமாகும்.

ஊசிக்குப் பயந்தும் சிலர் ஒதுங்குகிறார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய நினைவு இன்னும் வீடுகளில் உலவுகிறது. ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தத் தடுப்பு மருந்தைத்தான் 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் உள்ளிட்டவை நெடுங்காலம் வழங்கின. எண்ணற்ற உயிர்களைக் காத்ததும் அதுதான். ஆனால் வலியும் பக்கவிளைவும் அதிகம். அதன் பயன்பாடு நம் நாட்டில் நின்று இருபதாண்டு ஆகிறது. இப்போது தோலின் மேலடுக்கில் இரண்டு இடங்களில் தலா 0.1 மில்லிலிட்டர், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணம் இல்லை. பாட்டி காலத்து அச்சத்தைப் பேரப்பிள்ளைகள் சுமக்க வேண்டியதில்லை.

மருத்துவமனை வாசலில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மனித மருத்துவர் “ஊசி போட்டுக்கொள்ளுங்கள்” என்பார். கால்நடை மருத்துவர் “பூனை நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்” என்பார். இரண்டையும் கேட்ட வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொள்வார். உண்மையில் இருவரும் அவரவர் இடத்தில் சரிதான். பூனையை நேரில் பார்க்காத மருத்துவர், ரேபிஸ் பரவலாக உள்ள நாட்டில், ஐயத்தின் பக்கம் சாயத்தான் வேண்டும். பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி என்று காத்திருக்கக் கூடாது, ஊசியைத் தொடங்கிவிட்டே கண்காணிக்க வேண்டும் என்பதே தேசிய வழிகாட்டுதல். பூனைக்கு ஊசி போட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மனிதருக்கான ஊசியைத் தவிர்க்கவும் கூடாது. பத்து நாள் கழித்துப் பூனை நலமாக இருந்தால் மீதியுள்ள ஊசிகளை என்ன செய்வது என்பதை அந்த மருத்துவரே சொல்லட்டும். நாமாக நிறுத்த வேண்டாம். போட்டுக்கொண்ட ஊசி வீணும் அல்ல. பின்னாளில் வேறொரு கடி நேர்ந்தால் முழுச் சுற்று தேவைப்படாது. இரண்டு ஊக்க ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

இந்த இரு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள நம் ஏற்பாட்டில் இடமில்லை என்பதுதான் குறை. சுகாதார நிலையத்தில் ஊசிச் சீட்டைத் தருகிறார்கள். பத்தாம் நாள் பூனை எப்படி இருந்தது என்று எழுத அதில் ஓர் இடம் ஒதுக்கினால் என்ன? வீட்டுக்காரரே எழுதிக்கொண்டு வரட்டும், கால்நடை மருத்துவர் கையெழுத்திடட்டும். செலவில்லாத வேலை. இரண்டு துறைகள் ஒத்துழைக்க வேண்டும் என்று மாநாடுகளில் பேசுவதை ஒரு வரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இனி குடியிருப்புக்குள் வருவோம். அங்கே இரண்டு தரப்பு இருக்கிறது, இரண்டும் பகையல்ல. பூனை வளர்ப்பவருக்கு அது வீட்டில் ஒருவர். தனியே வாழும் முதியவருக்கு நாள் முழுவதும் பேச்சுத் துணையே அதுதான். காரணம் தெரியாத ஒரு கீறலுக்காக அதைத் தெருவில் விடச் சொல்வது அவருக்குக் கொடுமை. பொதுச் சுகாதாரத்துக்கும் நல்லதல்ல. வெளியே விட்ட பூனையை யாரும் கண்காணிக்க முடியாது. அது கடித்தவர் யாரென்று தெரியாது, இறந்தால் எதனால் என்று தெரியாது. கண்ணெதிரே இருந்த ஐயத்தை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டதாகவே ஆகும். விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. குடியிருப்புச் சங்கம் செல்லப் பிராணிகளுக்கு முற்றிலும் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

எதிர்வீட்டுத் தாயின் கவலையும் அதே அளவு உண்மையானது. அவர் பூனையை வெறுப்பவர் அல்ல. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், பக்கத்து வீட்டு விலங்கின் உடல்நிலை குறித்து ஒன்றும் தெரியாமல் இருப்பதே அவருடைய சங்கடம். ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டாலே முகம் சுளிக்கும் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தன் விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சங்கிதையின் கீழ் தண்டனைக்குரியது என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது. வளர்க்கும் உரிமை ஒருவருக்கு இருந்தால், அறிந்துகொள்ளும் உரிமை அடுத்தவருக்கு இருக்கிறது. இது இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் அல்ல. தடுப்பூசி அட்டையின் ஒரு நகலில் இரண்டும் இணங்கிவிடும்.

இந்த அட்டையை வற்புறுத்துவதில் ஒரு நிபந்தனை உண்டு. அது தண்டிப்பதற்கான ஆவணம் ஆகிவிடக் கூடாது. ஊசி தவறிப்போன வீட்டைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்தால் அடுத்த வீடு தன் பூனையையே மறைத்துவிடும். கீறலைச் சொன்ன குழந்தைக்கு அடி விழுந்தால் அடுத்த முறை அது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளும். இப்படி மறைத்த கீறல்களாலும் ரேபிஸில் உயிர் போகலாம். “பூனை பிராண்டிவிட்டது” என்று பிள்ளை வந்து சொன்னால், “சொன்னது நல்லதாயிற்று, வா கழுவுவோம்” என்பதே பெற்றோரின் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். “எங்கள் பூனைக்குக் காயம்” என்று ஒருவர் வந்து சொன்னால், “டாக்டரிடம் காட்டினீர்களா, வண்டி வேண்டுமா?” என்பதே சங்கச் செயலாளரின் முதல் வார்த்தையாக வேண்டும். மருந்து மாத்திரைக்கு முன் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெருவைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க இயலாது. வீட்டுப் பூனையின் பாதுகாப்பு, தெரு நாயின் தடுப்பூசியில்தான் தொடங்குகிறது. தெரு நாய்கள் குறித்து 2025இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததை நாடே கவனித்தது. ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உத்தரவு. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. உணவளிக்கத் தனி இடங்கள் ஒதுக்கவும் பணித்தது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அகற்றவும் உத்தரவு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தரப்பு மகிழ்ந்தது, மறு தரப்பு வருந்தியது. கடிபட்ட குழந்தையின் பெற்றோர் கோபப்படுவது இயல்பு. பத்தாண்டுகளாகத் தன் கைக்காசில் நாய்களுக்குக் கருத்தடை செய்துவந்தவர் மனம் நோவதும் இயல்பு.

இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு செய்தி கோவாவிலிருந்து கிடைத்தது. அங்கே மாநில அரசும் மிஷன் ரேபிஸ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் நாய்களுக்கு வலைவீசித் தடுப்பூசி போட்டன. எழுபது விழுக்காடு நாய்களுக்கு ஊசி போய்ச் சேர்ந்தால் பரவல் அறுந்துவிடும் என்பதே இலக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடி பற்றிச் சொல்லித் தந்தார்கள். ஐயத்துக்கிடமான நாய் என்று தகவல் வந்தால் போய்ப் பார்த்தார்கள். நாய்களில் ரேபிஸ் பெருமளவு குறைந்தது. 2021இல் கோவா, ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாய்களைப் பிடித்தவர், சோறு வைத்தவர், அஞ்சியவர் எல்லாருக்கும் அதில் வேலை இருந்தது. தெருவில் எந்த நாய் எங்கே படுக்கும், எது கைக்கு வரும் என்பதைச் சோறு வைப்பவரைவிட யாரும் அறியார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதைவிட ஊசி வண்டியின் முன் இருக்கையில் உட்காரவைப்பது எல்லாருக்கும் லாபம்.

சென்னைக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. தெரு நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற யோசனையை புளூ கிராஸ் அமைப்பு இந்நகரில் 1964 முதலே முன்வைத்துவந்தது; 1996இல் மாநகராட்சி அதை ஏற்றது. நூற்றாண்டு கண்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. ஆனால் நாயைச் சுற்றியே நடக்கும் இத்தனை பேச்சிலும் ஏற்பாட்டிலும் பூனை விடுபட்டுப்போகிறது. நாய்களுக்கு ஊசி போட வரும் குழு, அதே தெருவின் பூனைகளைக் கணக்கில் கொள்வதில்லை. பூனையைப் பிடிப்பது கடினம் என்பது உண்மைதான். கூண்டும் பொறுமையும் வேண்டும். ஆனால் வளர்ப்புப் பூனைகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவர வீட்டுக்காரர்கள் இருக்கிறார்களே.

ஆகவே குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு யோசனை. ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 6 விலங்குவழி நோய்கள் நாளையோ செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளையோ ஒட்டி, ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து வளாகத்திலேயே முகாம் நடத்தலாம். ஒரே இடத்தில் இருபது விலங்குகள் கிடைத்தால் தனித்தனியே போகும் ஆட்டோச் செலவு மிச்சம். கூடைக்குள் அலறும் பூனையோடு மருத்துவமனை வரிசையில், அதுவும் நாய்களுக்கு நடுவே, நிற்க அஞ்சியே ஊசியைத் தள்ளிப்போடுபவர்களும் வந்துவிடுவார்கள். மாடியில் சோறு வாங்கும் இரண்டு தெருப் பூனைகளுக்கு ஆகும் செலவைப் பராமரிப்புத் தொகையிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டால் சிலர் மறுப்பார்கள். ஒரு மாத மின்தூக்கிப் பராமரிப்புச் செலவோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை என்பதைப் பொருளாளரே எடுத்துச் சொல்லட்டும். அறிவிப்புப் பலகையில், அருகில் இம்யூனோகுளோபுலின் இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனை எது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரம் ஊசி போடுவார்கள் என்ற இரண்டு வரிகள் இருந்தால், நள்ளிரவில் கடிபட்டவர் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விலங்குகளோடு நாள்தோறும் பழகுபவர்கள், அதாவது சோறு வைப்போர், காவலாளி, குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர் ஆகியோர், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவர்களில் கடைசி இருவருக்கு அதை ஏற்பாடு செய்து தருவது குடியிருப்பின் கடமை. வீட்டில் பூனை வைத்திருப்பவருக்குக் கீறல் என்பது செல்லத்தின் விலை. குப்பைத் தொட்டியில் கைவிடுபவருக்கு அது வேலையின் ஆபத்து.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. கால்நடை மருத்துவமனைகள் பெரும்பாலும் காலை நேரத்தில் இயங்குகின்றன. வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் ஊதியத்தை இழந்துதான் பூனைக்கு ஊசி போட முடிகிறது. வாரத்தில் இரண்டு மாலை நேரம் திறந்தால் போதும். இந்தியாவில் நாய்வழி ரேபிஸை 2030க்குள் ஒழிப்பது என்று 2021இல் தேசியச் செயல்திட்டம் அறிவிக்கப்பட்டது. 2030 தொலைவில் இல்லை. ஒழிப்பு என்பது இறுதியில் ஊசி எத்தனை உடல்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்குதான்.

பூனை வைத்திருக்கும் வாசகர்கள் இந்த வாரம் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். போட்ட பிறகு எதிர்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பூனை வைத்திராதவர்கள், உங்கள் பிள்ளைகளிடம் கீறல் பட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் திட்டுவதில்லை என்றும் வாக்குக் கொடுங்கள்.